தட்டில் எழுதியிருந்த பெயர்

கற்பிட்டியின் உப்புக்காற்றில் இசைத்தட்டுகள் பூஞ்சணம் பிடிக்கும். அப்பாவிடம் பழைய பைலா ஆட்டப்பாட்டுத் தட்டுகள் அறுநூறு இருக்கின்றன. தினமும் துடைக்க ஆள் வேண்டும் என்று, தரம் ஒன்பதோடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்.

பழைய தட்டுகளில் முன்பு வைத்திருந்தவர்களின் பெயர் எழுதியிருக்கும். பெயர் இருந்தால் மதிப்பில்லை என்பார் அப்பா. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதை அழிப்பதும் என் வேலை.

அடுத்த ஜனவரியில், பள்ளியில் புது வகுப்புத் தொடங்கும் நேரம், அவர் சிலாபத்தில் வாங்கிவந்த தட்டில் 'ஜெனிற்றா, தரம் 10' என்றிருந்தது. என் பெயர், என் கையெழுத்து. அழித்தேன். மறு ஜனவரியில் வந்ததில் தரம் 11. அதற்கடுத்து 12.

இன்று காலை, அந்தப் பழைய பாட்டுகளையே புதிதாக அச்சிட்ட தட்டுகள் கொண்ட பெட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் உறையை அப்பா என் முன்னால்தான் கிழித்தார். முதல் தட்டிலேயே 'ஜெனிற்றா, தரம் 13'.

"புதுசிலயும் கிறுக்கிட்டியா?"

"இப்பதானே அப்பா நீங்க பிரிச்சீங்க."

"கதைக்காம அழி."

அழித்தேன். மை இன்னும் காய்ந்திருக்கவில்லை.

வெளியே என் பழைய வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "ஜெனிற்றா, சுறுக்கா வா!" என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. "ஓம், வாறேன்" என்று என் குரல் தெருவில் கேட்டது.

அப்பா அடுத்த தட்டை நீட்டினார்.