கூட வந்தவர்

“என் பையில கை வச்சதை நானே பார்த்தேன். இவனேதான்” என்றாள் கைப்பைக்காரி.

தியேட்டர் வாசலில் செக்யூரிட்டி தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். தம்பிக்கு முப்பது வயது. ஆட்டிசம். எங்கேயாவது ஜிப் திறந்து கிடந்தால் அதை மூடாமல் அவனால் நகர முடியாது. அவள் பையிலும் அதைத்தான் செய்தான்.

படம் விட்டு வந்த கூட்டம் சுற்றி நின்றது. இந்திப் படம். தம்பி மாதிரியே ஒரு கதாநாயகன். அவன் பேரைச் சொன்னாலே போதும், ஊர் சந்தேகப்படும். பார்த்த அத்தனை பேருக்கும் அழுது இன்னும் கண் சிவந்திருந்தது.

கழிவறையிலிருந்து வந்த அண்ணன் இதைக் கண்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியிடம் ஓடத்தான் பார்த்தான். பக்கத்தில் ஒரு குரல்.

“படம் உலுக்கிடுச்சு, இல்ல?”

ஆபீஸ் மேனேஜர்.

அண்ணனுக்குக் கால் நின்றுவிட்டது. ஆபீசில் தன் பேரைப் பாதியாக வெட்டித்தான் சொல்லிக்கொள்வான். முழுசாகச் சொன்னால் எந்த ஆட்கள் என்று தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துதான் பழைய இடத்தில் ஒருத்தரும் அவன் மேஜைப் பக்கம் வராமல் போனார்கள். கடைசியில் வேலையும் போனது.

“ஆமா சார்” என்றான்.

போலீஸ்காரர் வந்தார். “பேர் என்ன?”

தம்பி முழுப் பேரையும் சொன்னான். குடும்பப் பேர், அப்பா பேர் எல்லாம் சேர்த்து. தொலைந்துபோனால் இப்படித்தான் சொல்லணும் என்று பழக்கியதே அண்ணன்தான்.

“ஓ, அந்த ஆளுங்களா” என்றார் கூட்டத்தில் ஒருவர், அழுத மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“கூட யார் வந்தது?”

தம்பிக்குப் பொய் வராது. இத்தனை வருஷத்தில் வந்ததே இல்லை.

தம்பி கூட்டத்தைத் துழாவினான். அவன் கண் அண்ணன் மேல் வந்து நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தான்.

“யாரும் இல்ல” என்றான் தம்பி. “தனியா வந்தேன்.”

“எப்படி நடிக்கிறான் பாருங்க” என்றாள் கைப்பைக்காரி.

தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

ஜீப் தெருமுனை திரும்பி மறைந்தது. கூட்டம் கலைந்தது. கைப்பைக்காரியும் போய்விட்டாள்.

“பாவம்” என்றார் மேனேஜர். “அவனுக்குன்னு வீட்டுல யாருமே இல்லையா?”

“இல்ல போல சார்.”

சொன்னது தன் வாய்தானா என்று அண்ணனுக்கே நம்ப முடியவில்லை. இவர் கிளம்பட்டும், ஸ்டேஷனுக்கு ஓடிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் காரில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் கிளம்பவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

“ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா, நானும் வந்து அந்தப் போலீஸ்காரர்கிட்ட பேசியிருப்பேன். நீங்க சொல்வீங்கன்னுதான் நின்னேன்.”

“எதை சார்?”

அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“உங்களுக்கு நேர் பின்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். படத்துல சத்தம் கூடினப்பல்லாம், அந்தப் பையன் காதை உங்க ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டே இருந்தீங்களே.”