ஹெட்லைட்டுக்கு அடியில்

ஆம்பூர் ஷூ கம்பெனி முதலாளி நந்தகோபால், அப்பா காலத்து அம்பாசிடர் காரின் முன்னால் எரிச்சலோடு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, வேலூர்லேர்ந்து வர இவ்ளோ நேரமா?"

"சார், நான் வந்து..." என்று தொடங்கினாள் பூரணி.

"கதையெல்லாம் அப்புறம். சாயங்காலம் பழைய கார் ஊர்வலம். லைட் எரியலைன்னா சேர்த்துக்க மாட்டாங்க. ரெண்டு எலக்ட்ரீஷியன் வந்து வயரை மொத்தமா மாத்தியும் எரியலை."

பூரணி குனிந்து பார்த்தாள். விளக்கைப் பொருத்திய இடத்தில் தோல் வளையங்கள் தெரிந்தன.

"இதை யார் சார் போட்டது?"

"நான்தான். பெயிண்ட்ல கீறல் விழக்கூடாதுன்னு நம்ம கம்பெனித் தோல்ல வெட்டினேன்."

"பல்பு வரைக்கும் கரண்ட் வருது சார். பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பணும். காய்ஞ்ச தோல் அதை விடாது."

ஒரு துண்டு வயரால் விளக்கின் உலோகத்தையும் என்ஜின் போல்ட்டையும் இணைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நந்தகோபால் வாய்விட்டுச் சிரித்தார். "எத்தனை வருஷமா கார் வேலை பார்க்கிறே?"

"கார்ல இன்னைக்குத்தான் சார் கை வெச்சேன். நம்ம டெஸ்டிங் ரூம்ல, சேஃப்டி ஷூ கரண்டை விடுதான்னு பார்க்கிறதுதான் என் வேலை. ஆறு வருஷமா."

"அப்போ இங்க எதுக்கு வந்தே?"

பூரணி ஒரு கடிதத்தை நீட்டினாள். டெஸ்டிங் ரூம் வீண் செலவு, மாதக் கடைசியில் மூடப்படும் என்று அவரே காலையில் கையெழுத்துப் போட்டது.

நந்தகோபால் எரிகிற விளக்கையே பார்த்தார். பிறகு கடிதத்தைக் கிழித்தார்.

"அந்த ரூமுக்கு இன்னும் இன்னா வேணும்னு எழுதிக் குடும்மா. வேலூர் மெக்கானிக் வந்தா, திரும்பிப் போகச் சொல்லு."