ஸ்டாண்டில் நின்ற வண்டி

தங்கை மகளின் காதுகுத்துக்காக இரவெல்லாம் கண்விழித்துக் கறி சமைத்த தாய்மாமன் முத்திருளன், பகல் விருந்தில் குடித்துவிட்டு வண்டியில் ஏறி முறுக்கினான். காற்று முகத்தில் அறைந்தது. ஆயினும் வண்டி ஊர்வதாகவே தோன்றியது.

"சே, இம்புட்டுத்தான் போகுமா?"

"மாமா, வண்டி இன்னும் ஸ்டாண்டுலதான் நிக்குது. சாவியக் குடுங்க!" என்றாள் மனைவி நாகஜோதி.

பந்தலே சிரித்தது. அயர்வும் மதுவும் கைகோத்தால் வேகத்தை மறைக்கும். பின்பு உயிரைக் கேட்கும். அன்று கேட்டும் கிடைக்கவில்லை! சாவி அவள் கைக்கு வந்தது. அவன் பின்னால் அமர்ந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பந்தலெங்கும் தேடியும் மற்றது அகப்படவில்லை.

வீடு திரும்பும் வழியில், அன்று அவன் வண்டி போயே இராத கோச்சடை வளைவில், புளியமரத்தடியில், சக்கரம் தேய்த்த புதுத்தடத்தின் முடிவில், அந்தச் செருப்பு கிடந்தது.

அதைத் தாண்டி, உயிரோடிருக்கும் கணவனை ஏற்றிக்கொண்டு, நாகஜோதி நிமிர்ந்து ஓட்டினாள்.