காரமில்லாத படையல்

“தை பதினெட்டு அன்னிக்கு எங்க வீட்டுல யார் செத்தாங்கன்னு பாக்கணுங்க,” என்றார் வந்தவர்.

தாலுகா அலுவலக எழுத்தர் ஜோதியம்மாள் நிமிர்ந்தாள். “எந்த வருஷம்?”

“தெரியாதுங்க. வருஷாவருஷம் அன்னிக்கு அம்மா ஒரு இலை போட்டுப் படைப்பாங்க. பருப்பும் நெய்யும் பிசைஞ்ச சோறு, காரமே இருக்காது. யாருக்குன்னு சொன்னதில்ல. பல்லு போன பாட்டனுக்குன்னு நெனச்சேன். ஆடியில அம்மா தவறிட்டாங்க. இனிமே நான்தான் படைக்கணும்.”

“முனிசிபாலிட்டியில கேட்டீங்களா?”

“அங்க இல்லைன்னுட்டாங்க.”

“உங்க தெருவை அம்பதுலதான் டவுனோட சேர்த்தாங்க. அதுக்கு முன்னாடி தனி கிராமம். மணியக்காரர் எழுதின புஸ்தகம் இங்க இருக்கு. அப்பா அம்மா பேரு?”

“முருகையன், பாஞ்சாலை.”

இறப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறப்புப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தாள்.

“உங்க பேரு?”

“சகாதேவன். நாப்பத்தொண்ணு புரட்டாசி அஞ்சு பொறந்தேன்.”

“கூடப் பொறந்தவங்க?”

“யாருமில்ல.”

ஜோதியம்மாள் இரண்டு பதிவேடுகளையும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள். “அவங்களுக்குப் பொறந்தது ஒரே குழந்தைங்க. பேரும் தேதியும் நீங்க சொன்னதுதான். ரெண்டு வயசுல, தை பதினெட்டு, அம்மை போட்டுப் போயிடுச்சு.”

அவர் அந்த வரியிலிருந்த பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்னை எங்கேருந்து எடுத்தாங்கன்னு இதுல இருக்காதுங்களா?”

“இருக்காதுங்க.”

தலையாட்டிவிட்டு எழுந்தார்.

“நாளைக்குத்தான் தை பதினெட்டு. சின்ன இலையாப் போட்டுடறேன்.”