பெயின்ட்டுக்கு இரண்டு வீடு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை நடுத்தெருவில் வைத்து மழித்துவிடுங்கள், அத்தனையும் சத்தியம்! ஓர் இங்கிலீஷ் அகராதிக்குள் பெயர்ச்சொற்கள் ஒரு வீட்டிலும் வினைச்சொற்கள் எதிர்வீட்டிலும் குடியிருந்தார்கள். பெயின்ட் என்றொருவன் இரண்டு வீட்டுக்கும் சொந்தம். டப்பாவில் இருக்கும்போது அவன் பெயர்ச்சொல், சுவரில் பூசச் சொன்னால் வினைச்சொல். இரண்டு வீட்டுக்கும் ஓடி ஓடி உழைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பெயர்ச்சொல் வீட்டு ஃபர்னிச்சர் அண்ணன் வாசலிலேயே சிரிப்பார். "உனக்கென்னப்பா, எதிர்வீட்டில இந்நேரம் இலை போட்டிருப்பாங்களே!" அங்கே போனால், பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே வினைச்சொல் வீட்டு ஈட் அக்கா சொல்வாள், "அங்கே ஒரு பிடி பிடிச்சிட்டுத்தானே வர்றே, திருடா!" பெயின்ட்டும் சிரித்தபடி ஏப்பம் விடுவதுபோல் நடிப்பான். பசிக்கிறது என்று சொன்னால் இரண்டு வீட்டுக்கும் மரியாதை போய்விடுமே என்று அவனுக்குக் கூச்சம்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மை வெளிறிக் காய்ச்சல் கண்டது. எந்த வீட்டில் போய்ப் படுப்பதென்று தெரியாமல், இடையில் கிடந்த வெள்ளைத்தாளில் சுருண்டான். யாராவது வருவார்கள் என்று இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் வந்தது, தாள் தின்னும் பூச்சி. மறுநாள் அந்த இடத்தில் ஓர் ஓட்டைதான் இருந்தது.

"உங்க வீட்லதான் இருக்கான்னு நினைச்சோமே!" என்று இரண்டு வீட்டாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பொய் அழுகை இல்லை, நானே பார்த்தேன்.

சொன்னது யாரென்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். இரண்டு வீட்டிலும் எனக்கு இன்னும் சாப்பாடு நடக்கிறது.