பதினோராம் நிமிடத்தில் கஸ்பர்

கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் கறுப்புச் சட்டை போடாதவர் அந்த அம்மா ஒருவர்தான். வெளிர் நீலத்தில், முதியோரைப் பராமரிக்கும் கெயார் ஹோம் சீருடை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்க வேண்டும்.

றொமேஷ் அவரைத் தூரத்திலேயே கண்டுவிட்டான். யாரோ ரசிகனின் தாய், துணைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம், கிழக்கு லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடை. அவனுடைய மெற்றல் இசைக்குழுவின் மூன்றாவது தொகுப்புக்குப் பத்து வயது நிறைந்திருந்தது. புதிதாக அச்சிட்ட தட்டுகள் மேசையில் அடுக்கிக் கிடந்தன. அவன் பாடகன். பக்கத்தில் டிரம்ஸ் வாசிக்கும் பீற்றர். வெள்ளைக்காரன், 'வணக்கம்' தவிர ஒரு சொல் தமிழ் தெரியாதவன்.

முறை வந்ததும் அந்த அம்மா தட்டை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக் குனிந்தார்.

"தம்பி, நான் மெற்றில்டா. மன்னார். உங்கட பாட்டில பதினோராம் நிமிசம் கஸ்பர் எண்டு ஒரு பேர் வருது. அது எங்கட அண்ணையோ?"

றொமேஷ் பேனாவைக் கீழே வைத்தான்.

எந்தப் பாட்டு என்று கேட்கத் தேவையில்லை. பத்தொன்பது நிமிடம் ஓடும் பாட்டு. பாதி வழியில் கிற்றார்கள் அடங்கிவிடும். விரல் விட்டு எண்ணினாலும் பிடிபடாத ஒரு தாளம் மட்டும் தனியே ஓடும். அதன் மேல் அவன் அடித்தொண்டையால் உறுமி நாற்பத்திரண்டு பெயர்களைச் சொல்வான். அந்தக் குழுவைப் பத்து நாடுகளுக்குக் கொண்டுபோனதே அந்த இடம்தான்.

இலங்கைப் போரில் காணாமல் போனவர்களின் பெயர்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

முதலில் சொன்னது அவன் இல்லை. பேட்டி எடுத்தவர் அப்படியா என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான், அவ்வளவுதான். அந்த மௌனத்தை அவர் அச்சில் போட்டார். அடுத்த பேட்டியில் அவனே சொன்னான். பிறகு மேடையில் சொன்னான். ஊர் ஊராக, விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, குரல் தழுதழுக்கச் சொன்னான்.

"மகள்தான் போட்டுக் காட்டினவ," என்றார் மெற்றில்டா. "சத்தம் தலைக்குள்ள இடிக்கும். எண்டாலும் வேலைக்குப் போகேக்க பஸ்ஸில ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ஆர் தம்பி உங்களுக்கு அந்தப் பேரைத் தந்தது? தந்த ஆளிட்டக் கேட்டா, அண்ணையைக் கடைசியா எங்க கண்டதெண்டு தெரியும்தானே."

'ஓம்' என்று ஆமோதிப்பது றொமேஷுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் இவர் கேட்டது பெயரைத் தந்த ஓர் ஆளை. அப்படி ஓர் ஆள் இல்லை.

பீற்றருக்கு விளங்காது. வரிசையில் நின்ற ஒருவருக்கும் விளங்காது. அந்தத் துணிவில், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், பத்து வருடத்தில் முதல் தடவையாக உள்ளதைச் சொன்னான்.

ஒலிப்பதிவு நாளன்று பாட்டு வரிகள் எழுதி முடிந்திருக்கவில்லை. வாயில் போட ஏதாவது சொற்கள் வேண்டும். தங்கை பெனிற்றாவுக்கு அடுத்த கிழமை கலியாணம். எந்த மேசையில் யாரை இருத்துவது என்று அவள் அனுப்பிய பட்டியல் கைப்பேசியில் இருந்தது. அதைத்தான் வாசித்தான்.

"அது எங்கட மாமா, அன்ரி. ஏழாம் மேசை."

மெற்றில்டா ஏசுவார் என்று காத்திருந்தான். ஏசியிருக்கலாம்.

"அந்தக் கஸ்பர் இருக்கிறாரோ?"

"ஓம். இஞ்சதான், லண்டன் சட்டனில."

"பிள்ளையள்?"

"மூண்டு பேர்."

"நல்லா இருக்கட்டும்," என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

பீற்றர் அவன் பக்கம் சாய்ந்தான். அந்த அம்மா ஏன் அழுகிறார் என்று கேட்டான்.

அழுததை றொமேஷ் கவனித்திருக்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரும் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருடைய அண்ணன்," என்றான் ஆங்கிலத்தில். "பாட்டில் அவர் பெயர் இருக்கிறது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

பீற்றர் எழுந்துவிட்டான். நல்ல மனிதன்; கண் கலங்கியிருந்தது. கடை முழுவதற்கும் கேட்கும்படி அதையே உரக்கச் சொன்னான். யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

வாசலில் மெற்றில்டா திரும்பினார்.

இருபது வருடமாக இந்த நாட்டு முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பல்லில்லாத வாய்களின் குழறலைக்கூட விளங்கிக்கொள்பவர் அவர். பீற்றர் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்குத் தப்பியிருக்காது.

உண்மையைச் சொல்லட்டும், இப்போதே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடட்டும் என்று றொமேஷுக்கு இருந்தது. தலையை மட்டும் நிமிர்த்த முடியவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது.

"கஸ்பர் சந்தியோகு," என்றார் மெற்றில்டா, கடையைப் பார்த்து. அவனைப் பார்க்கவில்லை. பிறகு அண்ணனின் அந்த முழுப்பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு போனார்.

வரிசையில் அடுத்து நின்றவர் அதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டார். எழுதியதை றொமேஷிடம் நீட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.