வகுபடாத நம்பர்

தனிக்கட்டையான கணக்கு வாத்தியாருக்குப் புது போன் நம்பர் வேண்டும். அந்தப் பத்து இலக்கமும் சேர்ந்து, ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருக்க வேண்டும். நான்கு நாளாகக் கடைக்கு நடக்கிறார். விற்பனைப் பெண் சிம் அட்டைகளை நீட்டுவாள். இவர் வகுத்துப் பார்ப்பார்.

“இது மூணால போகும்.”

“இதுங்க சார்?”

“பதினேழால போகுது.”

“நாளைக்குப் புது ஸ்டாக் வரும் சார்” என்று சிரிப்பாள்.

ஐந்தாம் நாள் அவள் லீவு. முதலாளி அவள் டிராயரிலிருந்து சிறு சிம் அட்டைக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு அட்டைகள். பன்னிரண்டும் பகா எண்கள்.

“இதை யாருங்க ஒதுக்கி வச்சது?”

“அந்தப் பொண்ணுதான். தினம் நீங்க வர்றதுக்கு முன்னாடி உக்காந்து பிரிச்செடுப்பா. கணக்குல எம்.எஸ்சி. படிச்சவளாச்சே.”

வாத்தியார் காது சிவக்க, கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒண்ணும் சரிப்படலைங்க. நாளைக்கு அவங்க வருவாங்கல்ல?”